மெத்தை எரிந்த ஞாயிறு

வெள்ளவத்தை,
14.11.1946

அன்புள்ள சிவமணிக்கு,

பிரசவத்துக்கு ஊரில் இருக்கும் உனக்கும் வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று நல்லூர் முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நம்முடைய மூத்தவள் ஜெகதீஸ்வரி உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மீதியை வாசி.

போன மாதக் கடைசியில் வீட்டுச் சொந்தக்காரர் தில்லைநாதன் வாடகை வாங்க, தடிமனோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து, பிள்ளையை மடியில் இருத்தி மிட்டாய் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள் அவளுக்கும் தடிமன். மற்றவர்களுக்கு மூக்கோடு போவது அவளுக்கு நெஞ்சில் இறங்கிவிடும் என்பது உனக்குத் தெரியும். பசை போன்ற சளி. இருமி இருமி முகம் நீலம் பாரித்தது. சனிக்கிழமை வாய் துடைத்த லேஞ்சியில் இரத்தம் கண்டது.

அதைத் தில்லைநாதன் பார்த்து, காசநோய் என்று முடிவு கட்டிவிட்டார். ஞாயிறு காலை இரண்டு ஆட்களோடு வந்து, "கசம் பிடிச்ச பிள்ளையை என்ரை வீட்டிலை ஒளிச்சு வைச்சிருக்கிறியோ?" என்று கத்தினார். அவளுடைய மெத்தையை வாசலுக்கு வெளியே ஒழுங்கையில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். புகை உள்ளே வந்து பிள்ளைக்கு மூச்சு முட்டியது. அவர் அவளைக் கையில் பிடித்து இழுத்தார். கதவுநிலையில் அவள் தலை அடிபட்டு இரத்தம் வடிந்தது.

பின்வளவில் கிடந்த இரும்பு அலவாங்கை எடுத்தேன். முதல் அடியில் அவருடைய தாடை உடைந்தது, விழுந்துவிட்டார். இரண்டாம் அடி தேவையில்லை, சிவமணி. அடித்தேன். முழங்கை நொறுங்கிய சத்தம் கேட்டது. மூன்றாம் முறை ஓங்கியபோது ஜெகா என் காலைக் கட்டிக்கொண்டு, இருமலுக்கு நடுவே, "காணும் அப்பா, அடிச்சது காணும், விடுங்கோ" என்றாள். நடுங்கிக்கொண்டிருந்தாள். அந்த நடுக்கம் என்னைக் கண்டுதான்.

இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். கொன்ஸ்ரன்ரைன் டொக்டர் சளியைச் சோதித்து, கசமே இல்லை என்று எழுதித் தந்தார். பிறவியிலேயே உள்ள கோளாறாம். ஒவ்வொரு தடிமனும் நெஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்னுமாம். பெனிசிலின் ஊசி போடுகிறார்கள், காய்ச்சல் இறங்குகிறது. பாமன்கடையிலிருந்து வந்த இரத்தினம்மா அக்கா பக்கத்தில் இருக்கிறா. எனக்குப் புதன்கிழமை கோட்டில் வழக்கு. மறியலில் அடைத்தாலும் அடைப்பார்கள்.

இன்னொன்று. ஜெகாவின் கன்னத்தில் கொஞ்சினால் வாயில் உப்புக் கரிக்குது என்று நீ சிரிப்பாயே, அதைப் பேச்சுவாக்கில் டொக்டரிடம் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, உனக்கு இப்போது எத்தனை மாதம் என்று கேட்டார். இந்தக் கோளாறு அடுத்த பிள்ளைக்கும் வரலாம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிள்ளை பிறந்ததும் நெற்றியில் கொஞ்சி, உப்புக் கரிக்குதோ என்று பார். எப்படி இருந்தாலும் எனக்கு எழுது; மறியலுக்கென்றாலும் எழுது. தடிமன் உள்ள ஒருவர் கையிலும் கொடுத்துவிடாதே. உங்கள் இருவரையும் முருகன் காக்கட்டும்.

உன்
யோகநாதன்