நீல ஓட்டையில் போன வயர்

செவ்வாய், இரவு.

பல்லேகல கிரிக்கெட் மெட்ச்சுக்கு ஒன்லைனில் தமிழ் கொமன்ட்ரி சொல்ல எனக்குக் கிடைத்த முதல் சான்ஸ் இன்று போய்விட்டது!

லெப்டொப்பில் வைஃபை எப்போதோ செத்துவிட்டது, வயர்தான் கதி. மத்தியானம் இடி இடித்ததும் அம்மா ரவுட்டர் வயர்களை எல்லாம் கழற்றி, மழை விட்டபின் திரும்ப மாட்டியிருக்கிறார். ரவுட்டரில் லைட் எரிந்தது, நெட் மட்டும் இல்லை. கோளாறு லெப்டொப்பில்தான் என்று நினைத்தேன். நெட்வேர்க் டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன், செட்டிங்கை எல்லாம் மாற்றினேன். போன் டேட்டாவும் விட்டு விட்டுத்தான் வந்தது.

"தம்பி, அந்த வயர..." என்று அம்மா இரண்டு தடவை வந்தார்.

"சும்மா இரும்மா, ஒனக்கு இதெல்லாம் வெளங்காது!"

டொஸ் முடிந்ததும் அந்தக் கொமன்ட்ரி செனலை நடத்தும் மடவளை ரிஸ்வான் கோல் எடுத்தான். "மச்சான், இனி பாத்துட்டு இருக்க ஏலாடா. வேற ஆளப் போட்டாச்சு."

அதற்குப் பிறகுதான் ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் ஓட்டையில் இருக்க வேண்டிய லெப்டொப் வயர், வெளி லைனுக்கான நீல ஓட்டையில் இருந்தது; வெளி லைன் மஞ்சளில்.

"அதத்தான்யா சொல்ல வந்தேன்," என்றார் அம்மா. "நீலம் நம்ம டீம் கலராச்சே. ஒனக்கு ராசியா இருக்கும்னு மாத்திப் போட்டேன்."

இரண்டு வயரையும் இடம் மாற்றி மாட்டினேன்.

இப்போது நெட் பறக்கிறது. அம்மா தன் போனில் அந்தச் செனலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் முன்னால் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: "இதுல பேசுறது நம்ம தம்பியா?"

"ஆமா," என்று சொல்லிவிட்டார் அம்மா.