பலகைக்கு மேலே வந்த விறகு

கடலில் கல்லைக் கொட்டி மேடாக்கி, ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு ரயில் விட்டார்களே, அதற்குப் பின் வந்த மூன்றாவது அடைமழை அது. ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியதற்கு நாலு வருஷம் முந்தி. எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு வருஷக் கணக்கு இப்படித்தான், அண்ணே.

இன்று காலை இந்த மாசாய் ஊரில் எங்கள் வீட்டு வரிசைக்குக் கொசுப் புகை அடிக்க ஆள் வந்தான். அந்த எண்ணெய் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. நீங்களும் முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு, கோத்தா திங்கி ரப்பர் தோட்டத்தில் ஒரு சாக்கடை விடாமல் கொசுவுக்கு எண்ணெய் தெளித்தவர்தானே. புகைக்காரனைக் கண்டதும் என் மகள் ஓடிப்போய்க் குடிதண்ணீரை மூடினாள். அந்தப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

லயத்து வரிசை வீடுகளில் உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். அதுவும் கூரை வரை எட்டாது. உங்கள் குழம்பு வாசனை எங்களுக்கு வரும்; எங்கள் சண்டை உங்களுக்குக் கேட்கும். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர் நீங்கள். ஆனாலும் என்னை அண்ணே என்பீர்கள். நான் உங்களை 'ஏம்ப்பா' என்பேன். சாதி அப்படிப் பேச வைத்தது. கப்பலில் ஒரே அண்டாச் சோற்றைத்தான் எல்லாரும் தின்றுகொண்டு வந்தோம். லயத்தில் பானை வைத்ததும் எங்களுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. உங்கள் வீட்டில் தண்ணீர் வாங்க மாட்டோம்.

அந்த மழையில் ஆறு ஏறித் தோட்டத்துப் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. வெள்ளம் வடிந்த அன்று கிணற்றடிக்கு வந்து சொன்னீர்கள்.

"அண்ணே, கெணத்துல ஆத்துத் தண்ணி பூந்துருச்சு. காய்ச்சாமக் குடிக்காதீங்க."

"எண்ணெ அடிக்கிறவனுக்கு டாக்டர் வேலையும் குடுத்துட்டாங்களா?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

"வேல குடுத்துட்டாங்க, சம்பளந்தான் இன்னும் குடுக்கல."

எங்கள் விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. காய்ந்த சுள்ளி சோறு பொங்கவே போதவில்லை. தண்ணீரை அப்படியே குடித்தோம். மூன்றாம் நாள் ஒன்றரை வயது மகளுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. மத்தியானத்துக்குள் கண் குழிந்துவிட்டது. ஆஸ்பத்திரியோ ஆற்றுக்கு அந்தப் பக்கம். பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்று உதட்டை நக்கியது. "இந்தத் தண்ணிதான இப்பிடி ஆக்கிருச்சு, இதையே எப்பிடிக் குடுப்பேன்?" என்று என் சம்சாரம் அழுதாள்.

பலகைக்கு மேலே ஒரு விறகுக் கட்டை தலை நீட்டியது.

"புடிங்கண்ணே."

மழைக்கு முன்பே அடுப்புக்கு மேல் பரண் கட்டி அடுக்கி வைத்திருந்த விறகு. ஒவ்வொன்றாக இறங்கியது. உங்கள் முகம் தெரியவில்லை, குரல்தான் வந்தது. "எங்க தண்ணி வேணாம்னா வேணாம். வெறகுல என்னா இருக்கு? ஒங்க பானையில ஒங்க கையாலயே காய்ச்சுங்க. தளதளன்னு கொதிக்கணும். வெறுஞ்சூடு பத்தாது."

அடுப்பை மூட்டினேன். அவசரத்துக்குப் பானை கொதிக்குமா? கொதித்தாலும் ஆற வேண்டுமே. பிள்ளையின் தலை தொங்கத் தொடங்கியது. என் சம்சாரம் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு செம்பை எடுத்தாள், வெளியே போனாள். பலகைக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது.

"அண்ணி, ஆறுன தண்ணி இருந்தா ஊத்துங்க."

செம்பில் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டது. நான் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தேன்.

அந்தத் தண்ணீரையும், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரையும் கரண்டி கரண்டியாக ஊட்டினோம். முதல் நாள் முழுக்க ஒன்றுக்கே போகாத பிள்ளை மறுநாள் காலை பாயை நனைத்தாள். நனைந்த பாயைப் பார்த்து நாங்கள் பட்ட சந்தோஷம் பெற்றவர்களுக்குத்தான் புரியும்.

அப்போதும் நான் என்ன செய்தேன்? "வெளிய யாருகிட்டயும் சொல்லிறாத" என்று சம்சாரத்திடம் கிசுகிசுத்தேன். பலகை கூரையை எட்டாது. உங்கள் காதில் விழுந்திருக்கும். லயத்தில் ஒருவருக்கும் நீங்கள் சொல்லவில்லை. அதற்குப் பின் தினமும் காலையில், பெரட்டில் பேர் கொடுக்கப் போகும் முன் பலகையைத் தட்டுவீர்கள்.

"அண்ணே, கொதிச்சாச்சா?"

"ஆச்சுப்பா."

நாலு வருஷம் அந்தப் பேச்சு தவறவில்லை. எங்கள் வாசல் சாக்கடையை நானே வழித்துவிடப் பழகினேன். விறகையும் பரணில் ஏற்றினேன்.

ஊருக்குத் திருப்பி அனுப்பும் பட்டியலில் உங்கள் பெயர் வந்தது; என் பெயர் வரவில்லை. லோரி வந்து நின்ற அன்று உங்கள் வாசலில் போய் நின்றேன்.

"கொஞ்சம் தண்ணி குடுங்கண்ணே."

நீங்கள் சிரித்தீர்கள். "இப்பத்தான் பானையக் கவுத்தேன். இத்தன நாளு எங்க போயிருந்தீங்க?"

எங்கள் வீட்டுக்கு ஓடிப்போய்ச் செம்பை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

"கொதிச்சதா?"

"கொதிச்சதுதாண்ணே."

அண்ணாந்து ஊற்றப் போனீர்கள். "வாய வச்சே குடிங்க" என்றேன். நீங்கள் குடித்தீர்கள், அண்ணி குடித்தார். நான் வாய் வைத்துக் குடித்தேன், என் சம்சாரமும் குடித்தாள். அடியில் கிடந்ததை மகள் குடித்தாள்.

ஊர் போன மறு வருஷமே நீங்கள் போய்விட்டதாகவும், அண்ணியும் பின்னாலேயே போய்விட்டதாகவும் நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்த ஆள் சொன்னார். என் சம்சாரம் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. நான் இன்றும் காய்ச்சின தண்ணீர்தான் குடிக்கிறேன். பக்கத்து மலாய்க்காரர் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால், வேலிக்கு மேலே எதையாவது நீட்டிவிட்டுத்தான் எனக்கு உட்கார முடிகிறது.

அந்தச் செம்பில் குடித்தவர்களில் என்னைத் தவிர மிச்சம் இருப்பவள் ஒருத்திதான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருக்கிறாள். கொஞ்ச நேரமாகப் பேனா ஓடவில்லை. உன் பெயரையும் போடு அம்மா, அண்ணன் தெரிந்துகொள்ளட்டும் என்கிறேன்.

பாக்கியம்.