சக்கையை விழுங்கிய கௌரவம்

புனே கேம்ப்
16.9.2003

அன்பு மகன் நீலுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். மஸ்கட்டில் நீயும் ஃபேபியோலாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். உன் அப்பா பிழைத்துக் கிடக்கிறார், அவர் யோக்கியதைக்கு அதுவே அதிகம்.

வயிற்றில் கட்டி, எடுத்தாயிற்று என்று போனில் சொன்னேனே, அவர் பக்கத்தில் படுத்து முறைத்துக்கொண்டிருந்ததால் அப்படிச் சொன்னேன். அது கட்டியில்லை, முருங்கைக்காய்ச் சக்கை. உன் கல்யாணத்திலிருந்து ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உன் மாமனாரும் மாமியாரும் பாணேரிலிருந்து நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள் அல்லவா, சம்பந்திகள் முன்னால் சக்கையைத் துப்புவது மரியாதை இல்லையாம், உன் அப்பா ஹெர்பர்ட் துரை மென்று அப்படியே விழுங்கியிருக்கிறார். சாம்பாரில் முருங்கைக்காய் வேண்டாம் என்றால், அவர்களுக்குப் பிடிக்குமே, போடு என்பார். உன் மாமனார் மீன் முள்ளைத் தட்டோரம் குவிக்கிறார், அவர் மானம் ஒன்றும் கப்பலேறவில்லை. அல்சருக்காக முன்னமே பாதி வயிற்றை வெட்டியவருக்கு, வாயில் பல் செட் வைத்திருப்பவருக்கு, எதற்கு இந்த நாகரிகம். வெட்டின வயிறு சரியாக அரைக்காதாம், நாரெல்லாம் பின்னி எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டு, வயிற்றைப் புண்ணாக்கி, கடைசியில் கீழே இறங்கிக் குடலை அடைத்துவிட்டது. வாரக்கணக்கில் வாந்தி, கேட்டால் கேஸ் என்று ஓமவாட்டர் குடித்தார். நீயும் கேஸ்தான் என்றாய், படித்த பிள்ளை.

ஸ்கேனில் சக்கை என்று தெரிந்து ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகையில் பல் செட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கடைசி வார்த்தை ஏதோ சொல்லப்போகிறார் என்று குனிந்தால், சம்பந்திகிட்ட கேன்சர் கட்டின்னு சொல்லிடு பாக்கியம் என்கிறார். இப்போது உன் மாமனார் தினமும் சூப் கொண்டுவந்து, கேன்சர் திரும்பக்கூடாது என்று ஜெபிக்கிறார், இந்த மனுஷர் கூசாமல் ஆமென் சொல்கிறார்.

இன்னொரு முறை அடைத்தால் திறக்க முடியாது, இதயம் தாங்காது என்று சர்ஜன் சொல்லிவிட்டார். ஆரஞ்சுச் சுளையின் தோலைக்கூட விழுங்கக்கூடாதாம். ஆனால் யாராவது வந்து உட்கார்ந்தால் இவர் எதையும் விழுங்குவார். அந்தப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆபரேஷன் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன் நீல். அதனால் நீ உன் மாமனாருக்கு போன் செய்து உண்மையைச் சொல்லிவிடு, அவர்களே இவரைத் துப்பச் சொல்லட்டும். தெரிந்தால் அப்பா என்னோடு பேசமாட்டார், பேசவேண்டாம். கோபித்துக்கொள்ள அவர் இருந்தால் போதும் எனக்கு.

கர்த்தர் உங்கள் இருவரையும் கண்மணிபோல் காப்பாராக. அக்டோபர் முதல் ஞாயிறு அப்பா சம்பந்திகளைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார், அதற்குள் பேசிவிடு.

உன் அம்மா,
பாக்கியவதி ஹெர்பர்ட்