மண்டலக் காத்திருப்பை நீக்கிய ஓலை

ஏழு ஏரிக்கு உடையவர், வெண்குன்ற நாட்டு அரசி மாதேவி இளங்கோதையார் திருவுளப்படி ஓலைநாயகம் மழவரையன் எழுதுவது. தலைமை மருத்துவர் சாத்தன் நன்னனார் மனையாளோடும் மாணாக்கரோடும் நலமுற வாழ்க. அவரது பிற்பகல் உறக்கமும் இடையூறின்றி நீடுக, இன்று ஒரு நாள் நீங்கலாக.

பேரேரி மதகுக் காவலன் நெடுவேளான், இலையில் இடப்பக்கம் வைத்ததைத் தொடாமல் எழுந்துகொண்டிருந்தான். தன் கைப்பக்குவத்தை வாய்விட்டுப் பழிக்க அஞ்சி இப்படிக் காட்டுகிறான் என்று மனைவி அல்லி பத்து நாள் அவனோடு பேசவில்லை. ஒரு காலை அவன் தலைவலியால் வாந்தி எடுத்து, நிலைக்கதவில் இடத்தோள் மோதி விழுந்தான். அவனுக்கு அந்தப் பக்கமே தெரியவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஊர் மருத்துவர் பித்தம் என்றார். ஒரு மண்டலம் தம் மருந்தைக் கொடுத்துப் பாராமல் மேல் மருத்துவருக்கு அனுப்புவது ஊர் மருத்துவர்களுக்கு இழுக்காயிற்றே. நாற்பத்தெட்டு நாள் கஷாயம் போயிற்று. அடுத்து, பல ஊர்கள் அடங்கிய கூற்றத்து மருத்துவர் வாயு என்று இன்னொரு மண்டலம் கேட்டார். அல்லி அங்கேயே வண்டியைத் திருப்பித் தலைநகர் வந்தாள். கூற்றத்து மருத்துவரின் ஓலை இல்லையென்று, நன்னனாரே, தங்கள் மாணாக்கர் வாசலிலேயே மறித்தனர். அவள் அரண்மனைக்கு வந்து, பித்தமும் வாயுவும் முறைவைத்துக் காத்திருக்கட்டும், தன் வீட்டுக்காரருக்கு அவ்வளவு நாள் இல்லை என்று விண்ணப்பித்தாள்.

இவ்வழக்கத்தை வகுத்தவர் தங்கள் பாட்டனார் என்பதையும், அவர் எண்பத்தாறு வயதுவரை தலைவலி என்பதையே அறியாதவர் என்பதையும் நினைந்து தேவியார் முறுவலித்தார். தலைக்குள் வளரும் கட்டி இக்குறிகளையே காட்டும், சிறிதாயிருக்கையில் தம் கைக்கு வசப்படும் என்று சென்ற ஆண்டு தாங்களே அவையில் பெருமையுடன் மொழிந்ததையும் அவர் மறந்திலர்.

ஆதலின் ஆணை: விடியற்காலைத் தலைவலியும் வாந்தியும், பார்வையில் ஒரு பக்கம் மறைதலும், காரணமற்ற தள்ளாட்டமும் கண்ட எந்த மருத்துவரும் அன்றே அரசவண்டியில் நோயாளியைத் தங்களிடம் அனுப்புக. மண்டலமும் வேண்டா, ஓலையும் வேண்டா. தாங்களும் நல்ல நாள் பார்க்க வேண்டா. கட்டி பஞ்சாங்கம் பார்த்து வளர்வதில்லை.

இவ்வோலையைத் தங்கள் கையில் தந்து எதிரே நிற்பவளே அல்லி. வாசலில் வண்டிக்குள் அவள் கணவன் இருக்கிறான். மறுமொழி எழுத உட்காராமல், எழுந்து அவளுடன் செல்க.

இது தேவியார் வாய்மொழி. ஏரிமீன் இலச்சினை இட்டது.