சத்தம் போன கார்

ஐப்பசி, வியாழன் இரவு.

இரவில் இவர் வரும் டர்போ காரின் உறுமலில் பாப்பா தினமும் பதறி எழுவாள். சைலன்சரை மாற்றச் சொன்னது நான்தான்.

"மேட்டுல இழுவை கொறையக் கூடாதுங்க," என்றார் இவர் மெக்கானிக்கிடம்.

"கொறையாதுங்க. குழாய் நேராப் போவுது, பொகை முட்டாது. சுத்தியிருக்கற பஞ்சு சத்தத்த மட்டும் முழுங்கிக்கும்," என்று அவர் இன்று காலை மாட்டிவிட்டார்.

கொண்டை ஊசி வளைவுகளில் இவர் ஏறி வருவதைத் தினமும் காதாலேயே கண்டுகொள்வேன். இரவில் ஹாரன் அடிக்காமல் லைட்டைத்தான் காட்டுவார். இன்று மூடுபனிக்குள் கார் மிதந்து வருவது போலவும் இருந்தது, வராதது போலவும் இருந்தது.

திடீரென்று வாசலில் நின்றார். "ஏம்புள்ள, பேயக் கண்டாப்புல முழிக்கற?"

பாப்பா தூக்கத்தில் அசையவே இல்லை.

நாளை முதல் கடைசி வளைவில் ஒரு ஹாரன் அடிக்கச் சொல்ல வேண்டும். பாப்பா எழுந்தால் எழட்டும்.