கழுவிவைத்த பீலிக்கரை

2025 பெப்ரவரி 11

விடியுமுன் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு மகன் திலக்ஷன் என் மடியில் வாந்தியெடுக்க, டவுனுக்குப் போய்ச் சேர்ந்தால் — நீதவான் லீவு. கோர்ட்டில் மொழிபெயர்க்கிற முதலியார் வாசலில் நின்று எங்கள் பெயரைக் கூப்பிட்டார், அடுத்த தவணை மார்ச் நான்கு என்றார், உள்ளே போய்விட்டார். எங்கள் சட்டத்தரணி யோகேஸ்வரன் சார் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டே, "கோர்ட்டுன்னா அப்படித்தாம்மா பூரணி" என்றார். இதைச் சொல்லத்தான் படித்தாராக்கும்.

என்ன, கொலை வழக்கா நடக்கிறது? தோட்டத்தில் வேலை மேய்க்கிற கண்டாக்கையா வீட்டுக் கக்கூஸ் குழி உடைந்து, மலையிலிருந்து பீலிக் குழாயில் விழுந்து நாங்கள் குடிக்கிற தண்ணீரில் கசிகிறது. தாய்மார் வேலைக்குப் போகையில் நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைமடுவத்தில் மாறி மாறி எல்லாப் பிள்ளைக்கும் வயிற்றோட்டம். பீலிக்கரையில் நின்றால் மூக்குள்ள எவனும் சொல்வான். அதற்குத் தோட்டத்துத் துரைமேல் போட்ட வழக்குக்கு ஒரு வருஷமாகத் தவணை. நீதி தேவதைக்குக் கண்ணைக் கட்டினார்கள், சரி. மூக்கையுமா அடைத்தார்கள்?

பெப்ரவரி 19

திலக்ஷனை ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள். சேலைன் ஏறுகிறது. மூன்று வயசு. என் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா துரை பங்களா வாசல்ல போய்ப் படுத்துக்குவேன், எந்தக் கோர்ட்டும் வேணாம்.

மார்ச் 4

நீதவான் மாறியிருக்கிறார். இப்போது ஒரு பெண், என் வயசுதான் இருக்கும். திலக்ஷன் வீடு திரும்பிவிட்டதால் மனசு கொஞ்சம் திடமாக இருந்தது.

தோட்டத்துச் சட்டத்தரணி எழுந்தார். தண்ணீரில் ஒரு குறையும் இல்லையாம். லயத்து வரிசைக் காம்பராக்களில் இருக்கிற சனங்களுக்குச் சுத்தம் தெரியாதாம், அதனால்தான் நோயாம். சிங்களம் எனக்கு நன்றாகத் தெரியும். முதலியார் தமிழில் சொல்லி முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நீதவான் அம்மா யோசித்துவிட்டு, "நானே வந்து பார்க்கிறேன், இருபத்தைந்தாம் திகதி" என்றார். துரையை எதிரில் நிற்க வைத்துக்கொண்டு! கள்ளன் வீட்டைச் சோதனை போட வருகிற நாளைக் கள்ளனிடமே சொல்கிற பொலிஸை இன்றுதான் பார்த்தேன். இந்தப் புத்திக்கு முன்னால் நாங்கள் எழுந்து நின்று கும்பிட வேண்டுமாம்.

மார்ச் 13

சொன்னேனா இல்லையா? நாலு ஆள் வந்து மேல் ஊற்றிலிருந்து கறுப்புக் குழாய் இழுத்துவிட்டார்கள். லயத்துக்கு மேலே பெரிய நீலத் தொட்டி, வாசலில் பளபளவென்று பித்தளைக் குழாய்த் திருகு. உடைந்த குழிமேல் தேயிலையில் கவ்வாத்து வெட்டின சுள்ளி மிலாறைப் பரப்பி மூடியாயிற்று.

தொட்டி புதிசில்லை. துரை பங்களாவிலிருந்து கழற்றி வந்தது. கண்டாக்கையா செல்லசாமி என்னைப் பார்த்து இளித்தார். "என்னா பூரணி, கேஸு போட்டவுங்களுக்கு சந்தோசமா? தீர்ப்பு வர்ற வரைக்கும் நல்லாக் குடிங்க. அப்புறம் தொட்டி பங்களாவுக்குப் போயிரும். அங்க தொரசானி வாளியில மொண்டு குளிக்கிறாங்க."

மார்ச் 24

துரைகூடப் பரவாயில்லை. எங்கள் சனம் இருக்கிறதே!

மடுவத்திலிருந்து வருகிறேன், பீலிக்கரையில் திருவிழா. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கால்வாயை அள்ளிக் கொட்டி, தோரணம் கட்டுகிறார்கள். பக்கத்துக் காம்பரா ராசம்மாக்கா நடுவில் உட்கார்ந்து மாக்கோலம் போடுகிறாள்.

"அக்கா, ஒனக்குக் கூறு இருக்கா? நீ கழுவுறது அழுக்கு இல்லக்கா, சாட்சி!"

"பெரிய மனுசி நம்ம லயத்துக்கு வர்றாங்கடி. நாத்தத்துலயா நிக்க வைக்கிறது? நம்ம மானம் என்னாவுறது?"

மானமாம். ஒரு வருஷமாப் பீயக் குடிச்சோமே, அப்ப எங்க போச்சு மானம்? கத்திவிட்டு வந்து காம்பராவுக்குள் படுத்துக்கொண்டேன். சோறு இறங்கவில்லை.

மார்ச் 25

வந்தார். நிறைகுடம், பொட்டு, மாலை எல்லாம் நடந்தது. நீதவான் அம்மா சேலையை லேசாகத் தூக்கிக்கொண்டு கோலத்தை மிதிக்காமல் சுற்றி நடந்தார். சுவரில் கை வைத்தார், சுண்ணாம்பு ஒட்டியது, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். திருகைத் திறந்தார், தண்ணீர் கொட்டியது.

"இது இவர்களுக்கானதா?"

"ஆமாம், இவர்களுக்குத்தான்" என்றார் துரை.

"நிரந்தரமாகவா?"

"நிரந்தரமாக."

முதலியாரைக் கூப்பிட்டு அதை எழுதச் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிலாறைத் தூக்கிப் பாருங்கம்மா என்று வாயெடுத்தேன், யோகேஸ்வரன் சார் கண்ணைக் காட்டி அடக்கிவிட்டார். ஜீப் ஏறிப் போய்விட்டார்கள். இந்தக் கூத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதச் சட்டப் படிப்பு எதற்கு? திலக்ஷன் எழுதுவான்.

மார்ச் 26

சீ.

ஏப்ரல் 29

என்ன எழுதுவது?

தோட்டத்துச் சட்டத்தரணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார். தொட்டி இருக்கிறது, குழாய் இருக்கிறது, கனம் நீதவான் அவர்களே கண்ணால் பார்த்தீர்கள், வழக்கைத் தள்ளுங்கள் என்றார். துரை சிரித்தார்.

நீதவான் அம்மா தலையாட்டினார். பார்த்தது உண்மை என்றார். அங்கே தண்ணீர் நிரந்தரம் என்று துரை தன் வாயால் சொன்னதும் உண்மை. ஆகவே அதை உறுதிமொழியாக இப்போதே கையெழுத்திட வேண்டும். தொட்டியோ குழாயோ ஒரு நாள் அகன்றாலும் துரையே கூண்டில் ஏற வேண்டும். மிலாறுக்கு அடியில் இருக்கும் குழியை ஒரு மாதத்தில் கட்டி மூட வேண்டும். — மிலாறு! பார்த்திருக்கிறார்!

வழக்கு தள்ளப்படாதாம். மூன்று மாதத்துக்கு ஒரு தவணை, ஒவ்வொன்றுக்கும் துரை நேரில் வர வேண்டும். துரைக்குச் சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை.

இன்னொன்றும் சொன்னார். இவ்வளவு சுத்தமாக வாசலை வைத்துக்கொள்கிறவர்களைச் சுத்தம் தெரியாதவர்கள் என்று இனி இந்த மன்றத்தில் யாரும் சொல்லக் கூடாது.

இதை ராசம்மாக்காவிடம் நான் சொல்லப் போவதில்லை. தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

மே 27

குழியைக் கொங்கிறீட் போட்டு மூடிவிட்டார்கள். பங்களாவுக்குப் புதுத் தொட்டி லொறியில் போனது. கண்டாக்கையா என்னைக் கண்டால் வேறு பாதையில் போகிறார்.

ஜூலை 29

தவணை. நீதவான் லீவு!

துரை காலையிலிருந்து வராந்தாவில் நின்றார். வாங்குப் பலகையில் உட்கார இடமில்லை. காலில் சப்பாத்தெல்லாம் சேறு. பதினொரு மணிக்கு முதலியார் வந்து, அடுத்த தவணை ஒக்டோபர் என்றார். துரை சுற்றிப் பார்த்தார், வேறு ஆள் கிடைக்காமல் என்னிடமே கேட்டார்:

"என்ன இது, ஒரு நாள் முழுக்க வீணாப் போகுதே?"

"கோர்ட்டுன்னா அப்படித்தாங்க தொரை" என்றேன்.

இந்தக் கோர்ட்டை இன்னும் நான் நம்பிவிடவில்லை. ஆனாலும் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சிரிப்பு. ஒக்டோபருக்கும் போவேன், அதற்கப்புறமும் போவேன். திலக்ஷனை இன்று கூட்டிப் போகவில்லை. வந்து பார்த்தால் திருகைத் திறந்துவிட்டுச் சட்டையோடு நனைந்துகொண்டிருந்தான். அடிக்கக் கை ஓங்கினேன், அடிக்கவில்லை.