ஒரு தட்டு, ஒரு டம்ளர்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் சாப்பிட்ட தட்டையும் டம்ளரையும் இன்றும் பையில் போட்டு ஆலைக்கே எடுத்துப் போனேன். வீட்டுக்காரர் போய் எட்டு மாதம். ஒற்றைத் தட்டைக் கழுவும் சத்தம் வீட்டில் எனக்கு ஆகவில்லை. ஆய்வகத்தில் கழுவினால் பக்கத்தில் அரவை இயந்திரம் கடகடவென்று ஓடும், ஒன்றும் கேட்காது. மகனிடம் சொல்லவில்லை. சிரிப்பான்.

மார்ச் 5, வியாழன்

மறுபடி சரிவு. பழைய உருக்காலை கொட்டிவிட்டுப் போன கசட்டு மேட்டை மாவாக அரைத்து, தண்ணீரில் கலக்கி, நுரையெண்ணெய் விட்டுக் காற்று ஊதுகிறோம். செம்பு குமிழியைப் பிடித்துக்கொண்டு மேலே வர வேண்டும். கல்மாவு கீழே தங்க வேண்டும். வழித்தெடுத்த நுரையில் போன மாதம் நூற்றுக்கு இருபது பங்கு செம்பு. இன்று பதினொன்று. இரண்டு முறை சோதித்தேன். பதினொன்றுதான்.

நுரையைக் கவனிப்பவருக்கு எல்லோரும் வைத்த பேர் நுரையண்ணன். பொறியாளர் அவர் மேல் பாய்ந்தார். "எண்ணெய அள்ளி ஊத்துறீங்களா? பால் மாதிரி பொங்குது!"

"சொட்டுச் சொட்டாத்தான் சார் விடுறேன்."

அதற்கு மேல் பேச அவருக்கு வராது. என் எண்ணை வைத்துத்தான் திட்டு. நான் என்ன செய்ய, எண் பொய் சொல்லாது.

மார்ச் 8, ஞாயிறு

மகன் பேசினான். "சாப்டியாம்மா?" சாப்பிட்டேன். நான்கு நிமிடம்.

மார்ச் 10, செவ்வாய்

ஒன்பது. வரும் திங்களோடு நுரையண்ணனை நிறுத்திவிடலாம் என்று பேச்சு. ஐம்பத்தாறு வயதில் யார் வேலை தருவார்கள்? மதியம் அவர் வெளியே கசட்டு மேட்டைப் பார்த்துச் சாப்பிட்டார், நான் உள்ளே சுவரைப் பார்த்து. பதினொரு வருடமாக இப்படித்தான், நடுவில் ஒரு கதவு.

மார்ச் 11, புதன்

காய்ச்சல். விடுப்பு.

மார்ச் 12, வியாழன்

இன்றும் எழ முடியவில்லை. இரண்டு நாளாக யாரிடமும் வாய் திறக்கவில்லை என்பது மாலையில்தான் உறைத்தது. இருமிப் பார்த்தேன். குரல் இருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

நேற்றைய நுரையைச் சோதித்தேன். பதினேழு! "ரெண்டு நாளா கறுப்பா, கனமா வருதும்மா. நான் ஒண்ணுமே மாத்தல," என்றார் நுரையண்ணன். பொறியாளர் விடவில்லை. "பயம் வந்ததும் கை அடங்கிடுச்சு பாத்தீங்களா? அப்ப இத்தன நாளும் அள்ளித்தான ஊத்தியிருக்காரு?"

எண் ஏறியதே நுரையண்ணனுக்கு வினையாகிவிட்டது.

பிறகு வழக்கம்போல் தட்டை எடுத்தேன். சோப்பைத் தொட்ட கை அப்படியே நின்றது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? போன மாதக் கடைசியில் நானேதான் சொன்னேன்: ஆய்வகத்தில் சோதனைக் குவளை கழுவுகிற தண்ணீரிலும் செம்பு இருக்கிறது, வீணாக்க வேண்டாம், திரும்ப நுரைத் தொட்டிக்கே விடுங்கள் என்று. கெட்டிக்காரி என்று பாராட்டினார்கள்.

ஒரு கண்ணாடிக் குவளையில் கசட்டுக் கரைசல் ஊற்றி, இரண்டு சொட்டு சோப்பு விட்டுக் காற்று ஊதினேன். வெள்ளை வெளேரென்று பொங்கியது. கல்மாவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தது.

நான்தான். ஐயோ, நான்தான்.

சொல்லாம விட்டா யாருக்குத் தெரியப்போகுது? இனிமே வீட்டுலயே கழுவிட்டா எண்ணு தானா ஏறிடும். நானும் நல்லவ. அவரு மட்டும் வீட்டுக்குப் போவாரு. — இதை எழுதிய கைக்கு வெட்கமில்லையா?

மார்ச் 14, சனி

எல்லோர் முன்னாலும் குவளையை வைத்து ஊதிக் காட்டினேன். பொறியாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "வீட்டுப் பாத்திரத்த ஏங்க இங்க கொண்டுவந்து கழுவுறீங்க?"

"வீட்டுல சத்தம் கேக்குது சார்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். நுரையண்ணன் எழுந்து தொட்டிக்கே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 16, திங்கள்

தட்டை வீட்டில் கழுவினேன். அதே சத்தம். அழுதேன்.

மதியம் ஆய்வகக் கதவைத் தட்டினார்கள். நுரையண்ணன், கையில் டப்பாவோடு. "உங்க சோப்பால எனக்குப் பத்து நாள் தூக்கம் போச்சு."

"மன்னிச்சுக்கோங்கண்ணே."

"அதெல்லாம் இருக்கட்டும். வெளிய வாங்க. சுவத்தப் பாத்துக்கிட்டு எப்படித்தான் சோறு எறங்குதோ."

போனேன். அவர் வீட்டில் ஏழு பேராம், ஒரே கூச்சலாம். "இங்க வந்துதாம்மா நான் நிம்மதியா சாப்பிடுறதே." அந்த நிம்மதியை விட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

மார்ச் 19, வியாழன்

பத்தொன்பது.

வீட்டில் பையைத் திறந்தால், என் டப்பாவின் மேல் நுரையண்ணனின் மூடி. பேச்சுவாக்கில் மாற்றிப் போட்டிருக்கிறேன். தட்டு, டம்ளர், டப்பா எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தேன். மூடியை மட்டும் நான்கு தண்ணீர் விட்டு அலசினேன். துளி சோப்பு ஒட்டியிருக்கக் கூடாது. நாளை அது தொட்டிப் பக்கம் போகும்.